பெரிய நிலவு எது?

முழுநிலா நாளில் அடிவானத்தில் எழும் நிலவு, உச்சிக்கு வந்தபின் காணும் நிலவைவிடப் பெரிதாகத் தோன்றும். அளந்து பார்த்தால் அது கண்ணின் மயக்கமே என்பது விளங்கும். கண் மட்டுமன்று, தொலைநோக்கியும் ஒரு நிலவின் பருமனைக் கணிப்பதில் நெடுங்காலம் ஏமாந்ததுண்டு. சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டனே அதற்குச் சான்று.

டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1655ஆம் ஆண்டு டைட்டனைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் தொலைநோக்கியில் தெரிந்த அதன் வட்டத்தை அளந்த வானியலார், ஞாயிற்றுக் குடும்பத்தின் மிகப்பெரிய துணைக்கோள் அதுவே என்று கருதினர். 1944இல் ஜெரார்டு கைப்பர், டைட்டனின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்து, அங்கு மீத்தேன் கலந்த வளிமண்டலம் உண்டென நிறுவினார். துணைக்கோள் ஒன்றுக்கு அடர்ந்த வளிமண்டலம் இருப்பது வியப்புக்குரியது. பிழையின் வேரும் அங்கேதான் இருந்தது. அறிஞர்கள் அளந்தது நிலவின் தரையையா, அதனைப் போர்த்தியிருந்த மூட்டத்தையா?

1980 நவம்பர் 12 அன்று வாயேஜர் 1 விண்கலம் டைட்டனை நெருங்கிக் கடந்தது. அந்தப் பாதையைத் தேர்ந்தமையால், அதன்பின் வேறெந்தக் கோளையும் காணும் வாய்ப்பை அவ்விண்கலம் இழந்தது. அத்தனை விலை கொடுத்தும் ஒளிப்படங்களில் பதிந்தது ஆரஞ்சு நிற மூட்டம் மட்டுமே. ஆயினும் விண்கலம் டைட்டனுக்குப் பின்புறம் சென்றபோது, அது அனுப்பிய வானொலி அலைகள் மூட்டத்தை ஊடுருவிப் புவியை எட்டின. தரை குறுக்கிட்டதும் அறுந்தன. அவை அறுந்த நேரத்தைக் கொண்டு கணித்தபோது, டைட்டனின் விட்டம் ஏறத்தாழ 5150 கி.மீ. எனத் தெரிந்தது. வியாழனின் துணைக்கோளான கனிமீடின் விட்டமோ 5268 கி.மீ. நூற்றுச்சொச்சம் கி.மீ. வேறுபாட்டில் முதலிடம் கைமாறியது.

கனிமீடு, 4879 கி.மீ. விட்டமுடைய புதன் கோளைவிடவும் பெரியது. எனினும் அதன் நிறை புதனின் நிறையில் பாதிக்கும் குறைவு. புதன் பாறையும் இரும்பும் செறிந்த கோள்; கனிமீடிலோ ஏறத்தாழப் பாதி பனிக்கட்டி. ஞாயிற்றிலிருந்து தொலைவில், நீர் உறைந்து கிடந்த குளிர்ப்பகுதியில் உருவான துணைக்கோளின் இயல்பு அது. நம் நிலவைவிடக் கனிமீடு பருமனளவில் மூன்றரை மடங்கு. நிறையில் இரண்டு மடங்கே. எனவே ‘பெரியது’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், எந்த அளவையால் என்று வினவுதல் வேண்டும்.

காலிஸ்டோ, அயோ ஆகியவற்றை அடுத்து, 3474 கி.மீ. விட்டத்துடன் நம் நிலவு ஐந்தாம் இடம் பெறுகிறது. செவ்வாயின் போபோசு இருபத்திரண்டு கி.மீ. அளவேயான ஒழுங்கற்ற பாறை. அதனையும் துணைக்கோள் என்றே அழைக்கிறோம்.

தாய்க்கோளோடு ஒப்பிட்டால் வரிசை முற்றிலும் மாறுகிறது. கனிமீடின் விட்டம் வியாழனின் விட்டத்தில் இருபத்தாறில் ஒரு பங்கு. நம் நிலவோ புவியின் விட்டத்தில் கால் பங்கினும் சற்று மிகுதி. எட்டுக் கோள்களின் துணைக்கோள்களுள் இவ்வளவு பெரிய விகிதம் வேறெதற்கும் இல்லை. குறுங்கோளாகிய புளூட்டோவின் துணைக்கோள் சாரோன் இதனையும் விஞ்சுகிறது. 2377 கி.மீ. விட்டமுடைய புளூட்டோவுக்கு 1212 கி.மீ. விட்டமுடைய துணை! அதனால் சாரோன் மட்டும் புளூட்டோவைச் சுற்றுவதில்லை. இரண்டும் தமக்கிடையே வெட்டவெளியில் அமைந்த பொதுப் புள்ளி ஒன்றைச் சுற்றி வருகின்றன.