டாலர் ஏறினால் கம்ப்யூட்டர் விலை ஏறுமா?

கம்ப்யூட்டருக்கு மூளை போன்றது ‘சிப்’. இது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இதற்கு டாலரில் பணம் கட்ட வேண்டும்.

1991 ஜூலையில் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதற்கு முன் ஒரு டாலர் வாங்க சுமார் 21 ரூபாய் போதும். பிறகு சுமார் 26 ரூபாய் தேவைப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாகத்தின் விலை 100 டாலர். முன்பு அது 2,100 ரூபாய். பிறகு 2,600 ரூபாய். பாகம் மாறவில்லை. 500 ரூபாய் கூடிவிட்டது. அன்று இதன்மேல் சுங்க வரியும் உண்டு. ரூபாய் விலை கூடியதால் வரியும் கூடியது.

சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தவருக்கு இது பெரிய சுமை.

கடைக்காரர் சொல்லும் விலை எத்தனை நாளுக்கு? முன்பணம் கொடுக்கும் முன் கேட்போம். எழுதி வாங்குவோம்.