மேடையும் மர்மமும்

கேள்வி: அமெரிக்காவின் ஏமி செம்பிள் மெக்பர்சன் உண்மையான ஊழியக்காரரா, நாடகக்காரியா?

பதில்: இரண்டும்தான். 1890-ல் கனடாவில் பிறந்த அவர், 1923-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 5,000 பேருக்கு மேல் அமரும் ஏஞ்சலஸ் டெம்பிளைத் திறந்தார். மறு ஆண்டே சபைக்குச் சொந்தமாக வானொலி நிலையம் வந்துவிட்டது. போலீஸ் உடையில் மோட்டார் சைக்கிளோடு மேடையேறிப் பாவிகளைத் தடுத்து நிறுத்துவார். சினிமா ஊரில் போட்டி அப்படி!

1926 மே 18 அன்று கடலில் குளிக்கப் போனவரைக் காணவில்லை. தேடியதில் முக்குளிப்பவர் ஒருவரும் பக்தர் ஒருவரும் உயிரிழந்தார்கள். ஐந்து வாரம் கழித்து மெக்சிகோ எல்லையில் தோன்றி, "கடத்திவிட்டார்கள்" என்றார். தன் வானொலி நிலையத்தின் பொறியாளருடன் தங்கியிருந்தார் என்று வழக்குப் போட்டது அரசுத் தரப்பு. 1927 ஜனவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். கடத்தல் கதையை நான் நம்பவில்லை. ஆனால் மனைவி இருந்த அந்தப் பொறியாளரை யாரும் இந்த அளவுக்கு வறுத்தெடுக்கவில்லை.

அதே 1927-ல் பசித்தவர்களுக்கு உணவும் உடையும் தரும் நிலையத்தைத் தொடங்கினார். பொருளாதார மந்தம் வந்தபோது, இனமோ மதமோ கேட்காமல் அங்கே கொடுத்தார்கள். அரசு உதவி கிடைக்காத மெக்சிகோ குடும்பங்கள் பல அதனால் பிழைத்தன. 1944-ல் தூக்க மாத்திரை அளவு மீறியதில் இறந்தார். அவர் நிறுவிய ஃபோர்ஸ்கொயர் சபை இன்றும் பல நாடுகளில் இயங்குகிறது.