படைவீரர் எழுதிய நூலில் நம் வீரர்கள்

சாரணியர் சீருடை அணியும் நாம் பேடன் பவல் பிரபுவின் பெயரை நன்கு அறிவோம். 1907-இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய அப்பெருமகனார், அதற்கு முன் ஆங்கிலப் படையில் அதிகாரியாக இருந்தவர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில், இன்று ஜிம்பாப்வே எனப்படும் நாட்டில், மத்தபேலே மக்கள் 1896-இல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தனர். அவர்களை அடக்கச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். அப்போரைப் பற்றித் தாமே வரைந்த படங்களுடன் 1897-இல் ஒரு நூலை வெளியிட்டார். அந்த நூலில் பேசுபவர் வென்றவர். தோற்றவர் அதில் பேசவில்லை.

இத்தகைய நூல் ஒன்று நம் தமிழகத்தைப் பற்றியும் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணிபுரிந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர், தம் நாட்குறிப்பிலிருந்து தொகுத்த இராணுவ நினைவுகளை ஏராளமான படங்களுடன் 1830-இல் இலண்டனில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகங்கைச் சீமையையும் வீழ்த்திய 1801-ஆம் ஆண்டுப் போரில் அவரும் இருந்தார்.

பகைவரின் நூலில் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சின்ன மருதுவைப் பற்றியது. போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெல்ஷ் அவருடன் நட்பாகப் பழகியிருந்தார். சிறுவயலில் காவலரே இல்லாத மாளிகையில் மருது வாழ்ந்ததையும், யாரும் தடையின்றிச் சென்று அவரைக் காணலாம் என்பதையும் எழுதுகிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் மருதுவே என்றும் ஒப்புக்கொள்கிறார். அந்த ஆசானை எதிர்த்தே பின்னர் அவர் போரிட நேர்ந்தது. 1801 அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

இரண்டாவது, ஓர் ஏழைத் தாயைப் பற்றியது. 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. காயமுற்ற தன் மகனைத் தேடி அவள் களத்திற்கு வந்தாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி வேண்டினான். பெண்கள் அவரைத் தூக்கிச் சென்றனர். துரத்தி வந்தவர்கள் நெருங்கியபோது, அவர் மேல் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்தவர் என்று ஓலமிட்டு அழுதனர். வந்தவர்கள் அஞ்சி ஓடினர். பீரங்கி வெல்ல முடிந்தது கோட்டையைத்தான், இந்தப் பெண்களின் அறிவை அன்று!

மூன்றாவது, மனத்தை வாட்டுவது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி இளம் வயதிலேயே பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1818-இல் அங்குச் சென்ற வெல்ஷ் முன், தளர்ந்து முதியவர்போல் தோன்றிய ஒருவர் வந்து நின்றார். பெயரைச் சொன்ன பிறகே அவர் துரைசாமி என்று தெரிந்தது. அப்பெயர் தம் நெஞ்சைக் குத்தியதாக வெல்ஷ் எழுதுகிறார்.

இவ்வளவு இரக்கம் உடையவரும் தம் படையை விட்டு விலகவில்லை. இரக்கம் வேறு, நீதி வேறு என்பதை இங்கே நான் உணர்ந்தேன். தோற்றவர் எதற்காகப் போரிட்டனர் என்பதை அறிய, அவர்கள் சொல்லையே நாட வேண்டும். அச்சொல் நமக்கு அருகிலேயே, காவிரிக் கரையில் இருந்தது. 1801 ஜூன் 16-இல் மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சாதி வேறுபாடின்றி எல்லா மக்களும் ஒன்றுபட்டு ஐரோப்பியரை எதிர்க்க வேண்டும் என அது அழைத்தது.

ஆகவே தோழியரே, படம் நிறைந்த போர்நூல் கையில் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். படத்தை வரைந்த கை யாருடையது, படத்தில் வராதவர் யார் என்று ஒருமுறை கேட்போம். வரலாற்றுப் பாடம் தேர்வுக்காக மட்டும் அன்று. அயலாருக்கு நீதி செய்யவும் அது நமக்குக் கற்றுத் தருகிறது.