வீட்டில் பாதி, பட்டறையில் பாதி



டிசைன் பாடத்தின் தியரியை வீடியோவாக வீட்டில் பார்த்துவிட்டு, செய்முறைக்கு மட்டும் பட்டறைக்கு வரும் முறை இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் நடந்தது. அதில் நான் பட்டதையும் கற்றதையும் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் ஒரே போன். அப்பா சுமை தூக்கப் போகும்போது எடுத்துப் போய்விடுவார். இரவு எட்டுக்கு மேல்தான் என் கைக்கு வரும். அதனால் நேரலை வகுப்பு எனக்கு உதவாது. பதிவு செய்த வீடியோதான் கைகொடுத்தது. மூன்று தடவை பார்த்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வேலை இதுதான்: 25 மி.மீ. கம்பியைக் கடைந்து, 20 மி.மீ. புஷ்ஷில் சுழலும் தண்டாக்க வேண்டும். குறைக்க வேண்டியது 5 மி.மீ. தானே என்று கிராஸ் ஸ்லைடில் 1 மி.மீ. வீதம் ஐந்து வெட்டு கொடுத்தேன். நடுவில் அளக்கவே இல்லை. கடைசியில் வெர்னியர் வைத்தால் 15 மி.மீ.! புஷ்ஷுக்குள் கடகடவென்று ஆடியது. என் கூட்டாளியின் உழைப்பும் வீண்.

சார் திட்டவில்லை. "கம்பி சுத்துதுல்ல? டூல் ஒரு மில்லி உள்ளே போனா ரெண்டு பக்கமும் தேயும். விட்டம் ரெண்டு மில்லி குறையும்டா" என்றார்.

அன்றிரவு 40 மி.மீ. முள்ளங்கி ஒன்றைச் சுற்றிலும் 2 மி.மீ. சீவி, ஸ்கேல் வைத்தேன். ஏறக்குறைய 36! "குழம்புக்கு வாங்கினதுடா" என்று அம்மா சத்தம் போட்டார்கள். ஆனால் பாடம் புரிந்துவிட்டது.

எனவே நான் சொல்வது:

1. வீட்டில் வீடியோ, படம், கணக்கு. மொத்த வெட்டு ஆழம் (25 − 20) ÷ 2 = 2.5 மி.மீ. இதை நோட்டில் எழுதி சாரிடம் காட்டிய பிறகே லேத் பக்கம் போகணும்.

2. பட்டறையில் ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி அளக்கணும். 20 H7 துளை 20.000 முதல் 20.021 மி.மீ. வரை, அதில் சுழலும் g6 தண்டு 19.980 முதல் 19.993 வரை. இதற்கு 0.02 மி.மீ. வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேணும்.

3. போன் இல்லாதவருக்கு அதே பாடம் அச்சுத்தாளிலும் நூலகக் கணினியிலும் கிடைக்கணும்.

இரண்டாம் முறை தண்டு சரியாக உட்கார்ந்தது. சாரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா புஷ்ஷுக்குள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ செஞ்சதாப்பா?" என்றார்.

ஆகவே நண்பர்களே, வீடியோ முடிந்ததும் ஒரு தடவை கையால் செய்து பார்த்துவிட்டு பட்டறைக்கு வாருங்கள்.