இயந்திரத்தில் இழைந்த இராகம்

நுழையும்முன்

கள்ளக்குறிச்சி நகரத் தெருக்களிலும் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும் திருவிழா இரவுகளில் ஒலிபெருக்கி வழியே அதிரும் தாளம் முழுவதும் தோற்கருவியில் பிறந்ததன்று; அதில் ஒரு பகுதி மின்பொறியில் பிறந்தது. பாடற்சொற்களின் துணையின்றிக் கால்களை ஆடவைக்கும் அத்தகைய மின்னணு இசையை, இந்திய இராகங்களைக் கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே படைத்தவர் ஒருவர் உண்டு.

மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங், இந்தித் திரையிசைக் கூடங்களில் கித்தாரும் சிந்தசைசரும் வாசித்து வந்தவர். ஆர்.டி. பர்மன் முதலிய இசையமைப்பாளர்களிடம் பணியாற்றினார். பாடலைக் கேட்டோர் பலர். வாசித்தவரின் பெயரை அறிந்தோர் சிலரே. திரைக்குப் பின்னிருந்த வாத்தியக் கலைஞர்களின் நிலை அன்று அதுதான்.

1980களின் தொடக்கத்தில் டிஸ்கோ இசை இந்தித் திரைப்படங்களை ஆட்கொண்டிருந்தது. அத்தாளத்தை வைத்துக்கொண்டு, தபலாவை விலக்கி, மேலே இராகத்தை இசைத்தால் என்ன என்று சிங் எண்ணினார். ரோலண்டு என்னும் சப்பானிய நிறுவனத்தின் மூன்று கருவிகள் அவரிடம் இருந்தன. டி.ஆர். 808 தாளத்தை ஒலித்தது. டி.பி. 303 அடிநாதச் சுரங்களைத் திரும்பத் திரும்ப இசைத்தது. ஜூபிடர் 8 கருவியில் அவர் விரல்கள் இராகத்தை விரித்தன.

இவற்றுள் டி.பி. 303இன் கதை சுவையானது. தனியாகப் பயிலும் கித்தார்க் கலைஞருக்குப் பேஸ் கித்தாரின் துணையைத் தருவதற்காக அது உருவாக்கப்பட்டது. ஆனால் அதன் ஒலி பேஸ் கித்தாரைப் போல அமையவில்லை; விற்பனை சரிந்து, 1984இல் உற்பத்தி நின்றது. எனினும், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது. சுரங்களைத் தனித்தனியே நிறுத்தாமல் இழைத்துச் செல்வது இராகத்தின் உயிர்நிலையல்லவா? பொறியின் வழுக்கலும் இராகத்தின் இழைவும் அங்கே பொருந்தின.

1982இல் பதிவான ‘டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்னும் இசைத்தட்டில் பத்து இராகங்கள் உள்ளன. அவற்றுள் பூபாளி நம் மோகனம் (பூபாளம் என மயங்கற்க). மால்கௌன்ஸ் நம் இந்தோளம். யமன் நம் கல்யாணி. தட்டு விற்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்திற்கு இளையராஜா கணினியின் துணையுடன் இசையமைத்தார். அப்படத்தின் சொற்களற்ற கருப்பொருள் இசை பெரும்புகழ் பெற்றது.

1987இல் அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் அதே டி.பி. 303இன் குமிழ்களைத் திருகி ஒலியை நெளியச்செய்து வெளியிட்ட இசை, ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ போமன் சிங்கின் பழைய தட்டைக் கண்டெடுத்து 2010இல் மறுவெளியீடு செய்தபோது, கேட்டவர்கள் வியந்தனர். இதைப் பதிவுசெய்த ஆண்டை நம்ப மறுத்தவர்களும் உண்டு. ஆசிட் ஹவுஸின் தந்தை சிங்கே என்றும் சிலர் எழுதினர். அது மிகை. சிகாகோ இளைஞர்கள் அவருடைய தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. ஒரே பொறியின் முன் அமர்ந்த இரு திறத்தாரும் தத்தம் வழியில் ஒன்றைக் கண்டனர் என்பதே பொருந்தும். எழுபது வயதைக் கடந்தபின் சிங் ஐரோப்பிய மேடைகளில் அந்த இராகங்களை வாசித்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தோன்றிய இராகங்களுக்கு, அவர் இசைத்தட்டு வந்தபின் பிறந்த இளைஞர்கள் ஆடினர். 2015இல் அவர் மறைந்தார்.