நற்சான்று யாரிடம், எப்படிக் கேட்பது?

"கடின உழைப்பாளி, நேர்மையானவர், நன்னடத்தை உடையவர்." நம் ஊரில் எழுதப்படும் நற்சான்றுகள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கின்றன. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அதனால்தான் ஹெச்.ஆர். ஆட்கள் அதை இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

சில தாள்களுக்கு இந்தச் சம்பிரதாயமே போதும். டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் 'ஏ' அல்லது 'பி' பிரிவு அதிகாரி தரும் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். வாசகம் எப்படி இருந்தாலும் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் சரியாக இருக்க வேண்டும். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் இரண்டிலும் பாராட்டைத் தேடாதீர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இன்ஷியல் எல்லாம் சரியா என்று பார்த்து வாங்குங்கள்.

பாராட்டுக்குத் தனிக் கடிதம் வேண்டும். அதை எம்.டி.யிடம்தான் வாங்க வேண்டும் என்று பலர் அலைகிறார்கள். அவருக்கு உங்கள் முகமே சரியாகத் தெரியாது! தினமும் உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் கேளுங்கள். திருப்பூரில் ஒரு மெர்ச்சண்டைசருக்கு எழுதும் கடிதம் என்று வைத்துக்கொள்வோம். 'பொறுப்பானவர்' என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. "பையர் ஒப்புக்கொண்ட ஷேடும் வந்திறங்கிய துணியும் வேறு என்பதைக் கட்டிங்குக்கு முன்பே கவனித்து லாட்டை நிறுத்தினார்" என்று எழுதட்டும். படிப்பவருக்கு ஆள் எப்படி என்பது புரிந்துவிடும்.

கேட்டால், "நீயே டைப் பண்ணிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்பார்கள். நழுவ விடாதீர்கள். உங்களை நீங்களே புகழாமல், செய்த வேலைகளில் இரண்டை மட்டும் தேதியோடு குறித்துக் கொடுங்கள். அவர் தன் நடையில் ஒரு வரி சேர்த்தாலே கடிதத்துக்கு உயிர் வந்துவிடும். அவருடைய பதவியையும், அவர் சம்மதித்தால் கைப்பேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். சரிபார்க்க முடியாத சான்றை யாரும் நம்புவதில்லை. நோட்டீஸ் பீரியடிலேயே வாங்கிவிடுங்கள். ஒரு வருடம் கழித்துப் போய் நின்றால், கேட்க வேண்டிய ஆளே வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார்.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் செய்திதான் நற்சான்று. அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அனுமதி கேட்டு, எண்ணை மறைத்துப் போடுங்கள். "சூப்பர்" என்பதைவிட "மூணு வாரம் வெளியே வைத்தும் ஊறுகாய் கெடவில்லை" என்ற வரிதான் அடுத்த ஆர்டரைக் கொண்டுவரும்.

சொந்தக்காரர்கள் பெயரில் பொய்ப் பாராட்டு எழுத வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். விளம்பரத்தில் வரும் பரிந்துரை, பொருளைப் பயன்படுத்தியவரின் உண்மையான கருத்தாகவோ போதிய தகவலின் பேரில் சொன்னதாகவோ இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிமுறைகள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.