முதல் செல்ஃப்

“காலையில ஸ்டார்ட் பண்ணா டக்டக்குனு ஒரு சத்தம் வருதுங்க. இப்ப வரல.”

பழைய கார் வைத்திருப்பவர் ஒர்க்‌ஷாப் வாசலில் சொல்லும் வழக்கமான வசனம் இது. அவர் பொய் சொல்லவில்லை. வண்டி எட்டுக் கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறது, என்ஜின் சூடாகிவிட்டது, சத்தம் வழியிலேயே இறங்கிக்கொண்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இங்கேதான் சறுக்குகிறார். பானெட்டைத் திறந்து, ஆக்சிலேட்டரை நாலு தடவை உறுமவிட்டு, தான் கேட்காத சத்தத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

சொல்ல வேண்டியது வேறு. “சாயங்காலமே வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே, காலையில நானே ஸ்டார்ட் பண்ணிக் கேக்குறேன்.” வாங்கிய சாவியைப் பொது ஆணியில் மாட்டாதீர்கள். காலையில் முதலில் வரும் ஹெல்ப்பர் பையன் இடம் பண்ணுவதற்காக வண்டியை ஒரு தரம் ஸ்டார்ட் செய்து நகர்த்திவிட்டால் அன்றைய சோதனை போயிற்று, மறுநாள்தான். ஸ்டியரிங்கில் ‘தொடாதே’ என்று ஓர் அட்டை கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம். அதையும் மீறித் தொட்டவர்கள் உண்டு.

குளிர்ந்த என்ஜின் என்றதும் ஊட்டியின் ஜனவரிப் பனி நினைவுக்கு வரலாம். அது தேவையில்லை. சென்னையின் மே மாதத்திலும் ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் குளிர்ந்த என்ஜின்தான். மேலே இருந்த ஆயில் வடிந்து சம்ப்பில் தங்கியிருக்கும். சூட்டில் விரிந்திருந்த பிஸ்டன் சுருங்கியிருக்கும். மலையில் ஆயில் இன்னும் கெட்டிப்படும், பேட்டரி இன்னும் சோரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம். ஆக, இனி உங்கள் கைக்கு வரும் எந்த 800-ம் பத்து வயதைத் தாண்டியதுதான். அந்த வயதில் ஏதோ ஒரு சத்தம் இருக்கத்தான் செய்யும். எது கிழட்டு இருமல், எது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இருமல் என்று பிரிப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

சாவியைத் திருப்புவதற்கு முன் ஷெட் கதவு திறந்திருக்கட்டும். மூடிய இடத்தில் புகை ஆளைக் கொல்லும். ஹேண்ட் பிரேக், நியூட்ரல் பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவி அளவைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்திருக்கிறது. பிறகு போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு விண்ட்ஷீல்டுக்குக் கீழே வையுங்கள். போன் எதற்கு? சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால் ஒருவர் டக்டக் என்பார், இன்னொருவர் கடகட என்பார். எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் நின்றது என்பதில் அந்தத் தகராறு வராது. நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த நேரக் கணக்குதான்.

முதலில் செல்ஃப். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அதோடு அடங்கினால் சாலினாய்டு, செல்ஃப் மோட்டார், அதற்குப் போகும் ஒயர் என்று தேடுங்கள். சடசடவென்று விடாமல் அடித்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது டெர்மினலில் பூத்திருக்கிறது. பல்லோடு பல் உரசும் கர்ர்ர் சத்தம் என்றால் பெண்டிக்ஸ், இல்லாவிட்டால் ஃப்ளைவீல் ரிங். சில நாள் உரசும், சில நாள் உரசாது என்று வண்டிக்காரர் சொன்னால் அவரை நம்புங்கள். நாலு சிலிண்டர் என்ஜின் அணைக்கும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும், 800-இன் மூன்று சிலிண்டர் மூன்று இடங்களில். ரிங்கின் பல் தேய்வதும் அந்த இடங்களில்தான். டாப் கியரில் போட்டு வண்டியை லேசாகத் தள்ளி, மறுபடி நியூட்ரலுக்கு வந்து செல்ஃப் அடியுங்கள். ஒழுங்காகப் பிடித்தால் விஷயம் தெரிந்துவிட்டது.

என்ஜின் பிடித்ததும் முதல் இரண்டு மூன்று விநாடி. வறட்சியான ஒரு கடகட எழுந்து, ஆயில் லைட் அணையும்போது கூடவே அடங்குகிறதா? ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது. பல என்ஜின்களில் ஆயில் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. என்ஜின் நின்றபின் ஃபில்டரில் இருக்கும் ஆயிலை வடியவிடாமல் பிடிப்பது அதன் வேலை. மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும். அம்பாசடர் போன்ற செயின் வண்டியில் தொய்ந்த டைமிங் செயின் அடிக்கும். 800-இல் இருப்பது பெல்ட், அங்கே செயினைத் தேடாதீர்கள். ஓப்பல் கோர்சா மாதிரி ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ளவற்றில் லிஃப்டர் நிறையும்வரை டிக்டிக் கேட்கும். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: நல்ல ஃபில்டர், அந்த வண்டிக்கு எழுதிய கிரேடு ஆயில். அடுத்த நாள் காலை மறுபடி கேளுங்கள்.

ஆள் அதிகம் ஏமாறுவது இதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று நிமிடங்களில். டேப்பட், பிஸ்டன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூன்றும் டக்டக் என்றுதான் பேசும். தொழில் பழகிய நாளில் ஓர் அம்பாசடருக்கு மூன்று தடவை டேப்பட் அட்ஜஸ்ட் செய்தேன். மூன்று தடவையும் சாயங்காலம் சத்தமில்லாமல் போன வண்டி, மறுநாள் காலை சத்தத்தோடு வந்தது. கடைசியில் வேறொரு வேலைக்காகக் குனிந்த பெரியவர் ஒருவர், மேனிஃபோல்டு ஓரத்தில் படிந்திருந்த கரியைக் காட்டி, “இதுக்கு என்ன அட்ஜஸ்ட் பண்ணுவ தம்பி?” என்றார். ஊதிப்போன கேஸ்கட். குளிரில் இடைவெளி விட்டுப் புகையைத் துப்பும். இரும்பு சூடாகி விரிந்ததும் தானே மூடிக்கொள்ளும். சாயங்காலம் நான் கேட்ட அமைதி என் வேலையால் வந்தது இல்லை.

எனவே ஸ்டார்ட் செய்யுமுன்பே டார்ச் அடித்துக் கரியைத் தேடுங்கள். ஓடும்போது தடித்த துணியால் சைலன்சர் வாயை ஒரு விநாடி அழுத்திப் பிடிக்கச் சொன்னால், கசிவு இருக்கும் இடத்தில் சத்தம் எகிறும். டேப்பட் அப்படி இல்லை. 800-இல் இருப்பதுபோல ஸ்குரூவால் அட்ஜஸ்ட் செய்யும் டேப்பட் தளர்ந்திருந்தால், என்ஜின் சூடான பிறகும் டிக்டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று நிமிடத்தில் மறைகிற சத்தத்துக்காக ஃபீலர் கேஜை எடுக்க வேண்டாம்.

பிஸ்டன் அடிப்பது சற்று மந்தமான, களிமண் பானையைத் தட்டுவதுபோன்ற ஒலி. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் குளிரில் போருக்குள் ஆடும் பிஸ்டன் சூட்டில் அடங்கிவிடும். டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில், காப்பிட்ட பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தில் வைத்துக் கேளுங்கள். எந்த சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அதுதான். எம்பிஎஃப்ஐ வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம். கட்டுப்பாட்டுப் பெட்டியும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். அங்கே இன்ஜெக்டர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டன் சத்தம் மட்டும்தான், ஆயில் குடிக்கவில்லை, நீலப்புகை இல்லை என்றால் அப்படியே ஓட்டச் சொல்லிவிடுங்கள். என்ஜின் இறக்கினால் ஒர்க்‌ஷாப்புக்கு வருமானம்தான். ஆனால் அந்த வண்டியின் விலையே அந்த பில்லுக்குப் பக்கத்தில் நிற்கும்.

பயப்பட வேண்டியது எதிர்ப்புறம் போகும் சத்தத்துக்கு. காலையில் ஆயில் ஏறும்வரை இரண்டு மூன்று கனத்த அடி, பிறகு அமைதி. ஆனால் சூடேறி ஆயில் இளகியதும், ஆக்சிலேட்டரைக் கொடுத்து விடும்போது அதே அடி திரும்பி வருகிறது என்றால் அது கனெக்டிங் ராடு பேரிங். பிளக் ஒயரை எடுத்தால் இதுவும் குறையும். ஆகவே அந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆயில் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். சந்தேகம் உறுதியானால் வண்டியை ஓட்டி அனுப்பக்கூடாது.

கீச்சிடும் பெல்ட்டைப் பற்றி ஒரு வரி போதும். கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கினால் புல்லி நேர்கோட்டில் இல்லை, கூடினால் பெல்ட் தொய்வு. டீசலில் காலை வேளை நாக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. அதோடு வெள்ளைப்புகையும் நடுக்கமும் சேர்ந்து, சூடானதும் சரியானால் ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

இனி ஜாப் கார்டு. ‘என்ஜின் சத்தம்’ என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்று. ‘14 மணி நேரம் நின்ற வண்டி. 6.40-க்கு ஸ்டார்ட். பிடித்ததும் சத்தம், 2 நிமிடம் 10 விநாடியில் நின்றது. இடப்பக்கம், மேலே. ஆயில் லைட் உடனே அணைந்தது.’ இப்படி எழுதுகிற பையனைத்தான் சூப்பர்வைசர் அடுத்த தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஐடிஐயில் இரண்டு வருடம் மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக் படித்தவருக்கும், நேராக ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

காது பழகிவிட்டால் பழைய வண்டி வாங்குபவர்கள் உங்களைக் கூட அழைத்துப்போவார்கள். அதில் தனியாகக் கூலியும் உண்டு. போனதும் விற்பவரிடம் பேச்சுக் கொடுத்தபடியே பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். கதகதவென்று இருந்தால் உங்களுக்காக யாரோ முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். கோபப்படாமல் டீயைக் குடித்துவிட்டு, மறுநாள் காலை வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே போய் நில்லுங்கள்.